அக்கா, அன்றைக்கு நான் கயிற்றை இழுத்தேன்

அக்கா,

ஆறு வருடம் ஆகிவிட்டது. நீ அதைப் பற்றிப் பேச மாட்டாய், நானும் கேட்க மாட்டேன் என்று இத்தனை நாள் ஓட்டியாயிற்று. நேற்று பணம் கட்டிவிட்டேன். நாம் சேர்ந்து போன அதே ஆல்ப்ஸ் மலையேற்ற ஆரம்பநிலைப் பயிற்சிதான், ஆறு நாள், ஜூலை முதல் வாரம். இந்த முறை சுவிஸ் பக்கத்திலிருந்து, 3,170 மீட்டரில் இருக்கும் திரியான் குடிலில் தங்கி. தனியாகப் போகிறேன். வேறு யார் வாயிலாகவாவது உனக்குத் தெரியவருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உட்கார்ந்ததும் பழைய விஷயம் ஒன்று முன்னால் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் எழுதினாய் என்று நீ கேட்பாய். உனக்கு மட்டும் என்று எழுதிய கடிதங்கள் நான்கு, அனுப்பாமலேயே கிடக்கின்றன. இங்கே போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது, அவ்வளவுதான் காரணம். நம் வீட்டாரும் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் அதற்கு முந்தைய வருடம் உனக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. அந்த எகுயி து தூர் சிகரம் உனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பது நம் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

முதல் இரண்டு நாளும் உன்னைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை. பிரான்ஸ் பக்கத்து மேர் து கிளாஸ் பனியாற்றுக்கு இறங்கும்போது, பனி ஒரு காலத்தில் எந்த உயரம் வரை இருந்தது என்று வருடம் போட்டு பலகை வைத்திருப்பார்களே, அதில் 1990 என்ற பலகைக்குப் பக்கத்தில் நின்று, நான் பிறந்தபோது பனி இங்கே இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு கீழே பார்த்துக்கொண்டே இருந்தாய். கீழே இன்னும் அத்தனை படிகள் இருந்தன. நான் போட்டோ எடுத்தேன். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த நாள் லு தூர் பனியாற்றில் மீட்புப் பயிற்சி. பனிப் பிளவுக்குள் தொங்கியது நான், மேலே இருந்தது நீ. உள்ளே இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே உங்கள் குரல் எதுவும் கேட்கவில்லை. சுற்றிலும் நீலம், எங்கோ அடியில் தண்ணீர் ஓடும் சத்தம், அவ்வளவுதான். மேலே நீ பனிக்கோடாரியைக் குறுக்காகப் புதைத்து, அது தாங்குமா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் என் பாரத்தை அதில் ஏற்றினாய் என்று கைடு அப்புறம் சொன்னார். புரூசிக் முடிச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான், பயிற்சிக்கு மூன்று மாதம் முன்பே, மாடிப்படிக் கைப்பிடியில் கயிற்றைச் சுற்றி வைத்து. கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரியாக்காரர் 1931ல் எழுதி வெளியிட்ட முடிச்சு இது, பாரம் ஏறினால் பிடிக்கும், பாரம் இறங்கினால் நகரும் என்று. நீ எதையும் இப்படி வேரோடு தெரிந்துகொண்டுதான் தொடுவாய்.

அன்று சாயங்காலம் ஆல்பர்ட் குடிலில் நீ சரியாகச் சாப்பிடவில்லை. நான் பார்த்தேன். பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு அங்கே கொடுக்கிற செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்தக் குடிலுக்குப் பெயர் கொடுத்த பெல்ஜியம் மன்னர் முதலாம் ஆல்பர்ட் தானும் மலையேறுகிறவர், 1934ல் பாறை ஏறும்போது விழுந்து இறந்தவர் என்று நம்மோடு பயிற்சிக்கு வந்த பெல்ஜியம் பெரியவரிடமே சொல்லிக்கொண்டிருந்தாய், அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தட்டு அப்படியே இருந்தது.

ராத்திரி ஒரு மணி இருக்கும். வரிசையாகப் போட்ட மெத்தைகளில் பத்துப் பதினைந்து பேர் மூச்சு விடுகிற சத்தத்துக்கு நடுவில் என் காதருகே வந்து, தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது, வாந்தி வருகிறது, கைடிடம் சொல்லிவிடாதே என்றாய். நான் சரி என்றேன். 2,702 மீட்டரில் தூங்கப் போகிறோம், 2,500ஐத் தாண்டினால் உயர நோய் யாருக்கும் வரலாம், வந்தால் மறைக்காதீர்கள், அதோடு மேலே ஏறக்கூடாது என்று முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். இரண்டு பேருமே கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மூன்று மணிக்குக் காபி ஊற்றிக்கொண்டே யாருக்காவது தலைவலி இருக்கிறதா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நான் பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற முள்சட்டத்தின், அந்தக் கிராம்பானின், வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. இதுவரை நான் செய்தது உனக்காகத்தான் என்று என்னால் சொல்ல முடியும். இதற்கு அப்புறம் நடந்ததற்கு முடியாது.

ஒரே கயிற்றில் கைடு முன்னால், பெரியவர், அடுத்து நான், கடைசியில் நீ. முதல் இரண்டு நாளும் எல்லோரையும்விடத் திடமாக நடந்தது நீதான் என்பதால் உன்னைக் கடைசியில் போட்டார். ஹெட்லேம்ப் வட்டத்துக்குள் முன்னால் போகிறவர் வைத்த தடம் மட்டும் தெரிகிறது, கிராம்பான் முள் உறைந்த பனியைக் கடிக்கிற சத்தம், என் இடுப்பிலிருந்து பின்னால் இருட்டுக்குள் போகிற கயிறு. கயிறு பனியை லேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும், விறைக்கவும் கூடாது, சுருளவும் கூடாது, பின்னால் இருப்பவர் மெதுவானால் எல்லோரும் மெதுவாக வேண்டும். இதுவும் முதல் நாள் பாடம். ஒரு மணி நேரம் அது அப்படித்தான் வந்தது, திரும்பிப் பார்க்காமலே நீ எப்படி நடக்கிறாய் என்று இடுப்பில் தெரிந்தது. சரிவு கூடியதும் கயிறு விறைத்தது. நின்றேன். தளர்ந்தது. திரும்பவும் விறைத்தது. நின்றேன். மூன்றாவது தடவை விறைத்தபோது நான் கயிற்றைக் கையில் பிடித்து இழுத்தேன்.

பெரிய இழுப்பு இல்லை. வழியில் நின்றுவிட்ட கன்றுக்குட்டியை இழுப்பார்களே, அவ்வளவுதான். நீ தடுமாறியதில் கயிறு இடறிவிட்டது என்று நீ நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. வேண்டுமென்றே இழுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் நீ வந்துவிட்டாய். ஒரு சத்தம் போடாமல் வந்தாயே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

நின்றால் குளிர் ஏறும், பெரியவர் நடுங்கிக்கொண்டிருந்தார், தாமதமானால் திரும்பி வரும்போது வெயிலில் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் இளகிவிடும், அதற்குத்தானே நடுராத்திரியில் கிளம்பினோம். எல்லாம் உண்மைதான், ஆறு வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் இதில் ஒன்றுகூட என் மனதில் இல்லை. நீ இறங்கினால் நானும் இறங்க வேண்டும், அது மட்டும்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து உன் பின்னால் நடந்தவள், அன்றைக்கு முதல் தடவையாக உனக்கு முன்னால் இருந்தேன்.

கணவாயைத் தாண்டி திரியான் பனிவெளியில் கால் வைத்தபோது விடிந்துவிட்டது. எல்லைக்கு ஒரு அடையாளமும் இல்லை, சும்மா நடந்து சுவிட்சர்லாந்துக்குள் போய்விட்டோம். எகுயி து தூரின் பாறை உச்சி எதிரிலேயே சிவந்து நின்றது. கைடு திரும்பி உன்னைப் பார்த்தார். தள்ளாடுகிறாயா என்று பார்க்க உன்னை மட்டும் ஒரு கோட்டில், ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் நீ பக்கவாட்டில் சாய்ந்தாய். அவர் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டார், உன்னைத் தனக்கு முன்னால் குட்டைக் கயிற்றில் கட்டிக்கொண்டார், எல்லோரும் திரும்பினோம். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இவளுக்கு முடியவில்லை என்று உனக்கு முன்பே தெரியுமா என்று. தெரியாது என்றேன்.

சரி, என் பங்கைச் சொல்லிவிட்டேன். இப்போது உன் பங்கு. அந்தக் கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால், அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னாய். பார்க்கவில்லைதான். ஆனால் சொல்லாதே என்று என் வாயைக் கட்டியது யார் என்பதை ஏன் சொல்லவில்லை? ஒரு கயிற்றில் நாலு பேர் இருந்தோம். நாம் மெதுவாக இறங்கியதில் வெயில் ஏறி, அந்தப் பெரியவரின் கால் தொடை வரைக்கும் பனிக்குள் போனது, நினைவிருக்கிறதா? அவர் என்ன தப்புச் செய்தார்? நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ கேட்கவில்லை. உடம்பு சரியில்லாதவளிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று அப்போது விட்டேன், அதற்கப்புறம் கேட்க இடமே இல்லாமல் போய்விட்டது.

கீழே லு தூர் கிராமத்துக்கு வந்து புல்லில் உட்கார்ந்தோம். தலைவலி போய்விட்டது என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, பசிக்கிறதா, காலையிலிருந்து நீ ஒன்றுமே சாப்பிடவில்லையே என்று கேட்டாய். நான் அழுதேன், உச்சியைத் தொடாததற்கு அழுகிறேன் என்று நினைத்து நீ என் முதுகைத் தட்டிக்கொடுத்தாய். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

என்னுடைய கிராம்பான் வாடகைக்கு எடுத்தது. நீ சொந்தமாக வாங்கினாய், அது என் பையிலேயே வந்துவிட்டது, நீ திரும்பக் கேட்கவே இல்லை. முள்ளெல்லாம் துடைத்து, துரு ஏறாமல் வைத்திருக்கிறேன். இன்னும் உன் பூட்ஸ் அளவில்தான் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அதை என் அளவுக்கு மாற்றப்போகிறேன். உனக்கு வேண்டுமென்றால் அதற்குள் சொல்லு.