டி செல்களுக்கு ஒரே ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் நோய் எதிர்ப்பாற்றல் பற்றி வெளியான கட்டுரை எளிமையாகவே இருந்தது. ஆனால் கிருமிகளை எதிர்க்கும் பொறுப்பு முழுவதையும் ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்களிடம் ஒப்படைத்துவிட்டு, டி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருப்பது, காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒருசேரப் பரவியுள்ள தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வாழும் நமக்குப் போதாது.

ஆன்டிபாடிகள் இரத்தத்திலும் உடல் நீர்மங்களிலும் உலவுபவை. உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட கிருமியை அவற்றால் எட்ட முடியாது. காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்க வந்த மேக்ரோபேஜ் என்னும் வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. அந்த வெள்ளணு கிருமியின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்ட, அவற்றை அடையாளம் காணும் சி.டி.4 வகை டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன; அது கிடைத்த பிறகே தன்னுள் ஒளிந்திருப்பதை ஒடுக்கும் வலிமை மேக்ரோபேஜுக்கு வருகிறது. சி.டி.8 வகையின் வேலை வேறு. வைரஸ் புகுந்த உயிரணுவின் சவ்வில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, அந்த அணுவையே அவை அழித்துவிடுகின்றன.

முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கிறார்களே, காசநோய்க் கிருமி தொற்றியுள்ளதா என்று பார்க்கும் அந்த மாண்டூ பரிசோதனை காட்டுவதும் டி செல்களின் நினைவாற்றலைத்தான். டி செல்கள் வெகுவாகக் குறைந்தவருக்குக் கிருமி உடலில் இருந்தாலும் தடிப்பு எழாமல் போகலாம். "கை வீங்கவில்லை, எனக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

எச்.ஐ.வி. குறிவைப்பது இதே சி.டி.4 செல்களை. நலமாக இருப்பவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும் இவை 200-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து மிகுதி. எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை உண்டு என்பதை 2016 செப்டம்பரிலேயே நம் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இருந்தும், எண்ணிக்கை ஏறியதும் மாத்திரையை நிறுத்துவோர் நம்மவரிலும் இருக்கிறார்கள். நெடுநாள் வாழும் நினைவு டி செல்களுக்குள்ளேயே வைரஸ் உறங்கிக் கிடப்பதால், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அது மீண்டும் பெருகத் தொடங்கிவிடும்.

ஆகவே டி செல்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கிளினிக்கில் தரப்படும் காசநோய்த் தடுப்பு மாத்திரைகளைப் பற்றியும் அதில் எழுதினால், பாட்டிமார்களுக்கு வீட்டில் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.