படத்தில் இருப்பது ஓநாய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஓநாய்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'துப்பாக்கி பிடித்தவனுக்கு ஓநாயோடு வாழப் பாடம் நடத்துவது வீண் வேலை' என்று அதில் ஒரு வரி. அதற்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு படம், அடியில் 'சாம்பல் ஓநாய்' என்று குறிப்பு. ஐயா, அது கொயோட்; ஓநாய்க்கு உறவான, அதைவிடச் சிறிய வட அமெரிக்க விலங்கு. நீண்டு கூரான காது, ஒடுங்கிய மூஞ்சி. இங்கே வேட்டைப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த என் மகனே பார்த்ததும் சொல்லிவிட்டான்.

வேடிக்கைக்காக எழுதவில்லை. இந்த மாநிலத்தில் கொயோட்டை வருடம் முழுக்கச் சுடலாம். ஓநாயோ, 2022 பிப்ரவரியில் வந்த தீர்ப்புக்குப் பிறகு மறுபடி மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்தந்த வருடம் பிறந்த ஓநாய்க்குட்டி நவம்பரில் தூரத்திலிருந்து பார்த்தால் கொயோட் போலத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் சுடாதே என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

நானும் மான் வேட்டைக்குப் போகிறவன். (தமிழனுக்கு இதெல்லாம் தேவையா என்று உங்கள் இதழிலேயே ஒருவர் கேட்டிருந்தார். நான் எழுதிய பதில் இன்னும் அச்சேறவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும்.) இரண்டாவது வருடம், அந்தி நேரத்தில் சுட்ட மானைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடிந்து போனால் பாதி மான் இல்லை. ஓநாய் திருடிவிட்டது என்று குதித்தேன். எனக்கு வேட்டை கற்றுத்தந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "ராத்திரி முழுக்கச் சோற்றை வெளியே வைத்தது யார்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒரு மானையும் நான் காட்டில் விட்டுவந்ததில்லை. எனக்கு நடத்திய பாடம் வீணா?

கரடியைத் துரத்தப் பழக்கும் நாய்களை ஓநாய்கள் கொல்வதை எழுதியிருந்தீர்கள், ஏன் கொல்கின்றன என்பதைத்தான் எழுதவில்லை. நாய்ப் பயிற்சி ஜூலையில் தொடங்குகிறது. ஓநாய்கள் குட்டிகளை ஓரிடத்தில் வைத்துக் காக்கும் காலமும் அதுதான். குரைத்துக்கொண்டு வரும் நாய் அவற்றுக்கு எல்லை தாண்டி வந்த வேறொரு கூட்டம். இறந்த நாய்க்கு அரசு 2,500 டாலர் வரை தருகிறது, நாய் கொல்லப்பட்ட பகுதியை வரைபடத்தில் குறித்து எச்சரிக்கவும் செய்கிறது. அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போகிறவர்களை எனக்குத் தெரியும். பார்க்காமல் போய், நாயைப் பறிகொடுத்துவிட்டு ஓநாயைத் திட்டுகிறவர்களையும் தெரியும். பாடம் தேவைப்படுவது அவர்களுக்குத்தானே?

2021 பிப்ரவரியில் நடந்தது வெட்கக்கேடு, மறுக்கவில்லை. மற்ற வேட்டைக்காரர்களுக்கு 119 என்று மாநில அரசு வரம்பு வைத்தது, மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்களைக் கொன்றார்கள். அதை எழுதிய கை, ஒஜிப்வே பழங்குடியினருக்கென்று தனியாக ஒதுக்கிய 81 ஓநாய்களைப் பற்றி ஏன் எழுதவில்லை? ஓநாயை 'மாயிங்கன்' என்று சொல்லிச் சகோதரனாக நினைக்கிறவர்கள் அவர்கள். அந்த 81-ஐக் கொல்ல மறுத்தார்கள். அவர்களும் மான் வேட்டையாடுகிறவர்கள்தான், ஐயா. போன முறை அவர்களைச் 'செவ்விந்தியர்' என்று அச்சிட்டீர்கள். இந்த முறை ஆளையே காணோம்.

கட்டுரையின் தலைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓநாய் என்றாலே 'ஆடு நனைகிறதே என்று அழுத' கதைதானா? இதோடு மூன்றாவது தடவை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் இருப்பது கொயோட் என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். திருத்தத்தில் கொயோட்டை 'நரி' என்று மொழிபெயர்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
விஸ்கான்சின்