காலாவதி நெருங்கும் மருந்துகளை மருத்துவமனைகளுக்கிடையே மாற்றிக்கொள்ள ஏற்பாடு கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: அரசு மருத்துவமனை மருந்தகங்களில் மெதுவாகச் செலவாகும் மருந்துகள் வீணாவதைத் தடுப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் 22ஆம் தேதி, என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க ஓர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். 30 நாளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதே மாதத்தோடு காலாவதி. மாதம் மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள்வரை கணக்கு. அப்படிப் பார்த்தாலும் எட்டு நாளுக்குத்தான் தேறும். கேட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அட்டையைத் திருப்பிப் பார்க்காதவர்கள் என்ன செய்வார்கள்?

கவுண்டரில் இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த இடத்தில் நின்றவன்தான். வெளியே நீண்ட வரிசை, உள்ளே ஒரே ஆள். புதுப் பெட்டி வந்தால் கைக்கெட்டும் இடத்தில் இறக்குவார்கள், பழையது சுவரோரம் போய்விடும். கடைசி மாதம் கண்ணில் பட்டதும் அவசரமாகக் கொடுத்துத் தீர்ப்பார்கள். முதலில் காலாவதியாவதை முதலில் கொடு என்பது எல்லாருக்கும் தெரிந்த விதிதான். அலமாரியில் அதற்கு இடம் இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பயம். தேங்கிய மருந்தை எழுத்தில் காட்டினால் தணிக்கையில் கேள்வி வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஆறு மாதம் முன்பே தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பார்கள். நானும் ஒருமுறை அப்படி இருந்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்ட பிறகு, தங்களுக்கென்று உள்ள பாஸ்புக்கில் (கணக்கேட்டில்) எழுதிய பண ஒதுக்கீட்டுக்கு ஏற்ப மருத்துவமனைகள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கின்றன. நல்ல முறை. ஆனால் எடுத்தபின் ஓரிடத்தில் தேங்குவது இன்னோரிடத்துக்குப் போக எளிய வழி இல்லை. மழைக்காலத்துக்கென்று வாங்கிய உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒரு மருத்துவமனையில் மூட்டையாகக் கிடக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே பொட்டலம் இருக்காது. வட்ட மருத்துவமனை ஒரு துறை, ஆரம்ப சுகாதார நிலையம் வேறு துறை. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தங்களால் முடியும் என்பதால்தான் இந்த மனு.

எனவே, காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும் மருந்துகளின் பட்டியலை ஒவ்வொரு மருந்தகமும் மாதந்தோறும் அனுப்பவும், தேவைப்படும் இடத்துக்கு அந்த மருந்துகளை மாற்றவும் உத்தரவிட வேண்டுகிறேன். முன்கூட்டியே தெரிவிப்பவர் மேல் நடவடிக்கை இல்லை என்று அந்த உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பட்டியலே வராது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. செலவாகவில்லை என்று பாம்புக்கடி மருந்தையும், கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசியையும் குறைத்துவிடக் கூடாது. காட்டுமன்னார்கோவில் பக்கம் வயலில் இறங்குபவருக்கு அது எந்த நாள் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது. அவற்றைத் தேதி முடியுமுன் அதிகம் செலவாகும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, புதியதை வாங்கி வைக்கலாம்.

அப்புறம், ஏற்கெனவே காலாவதியானவை. இவை நல்ல மருந்து இருக்கும் அறையிலேயே அட்டைப்பெட்டியில் கிடக்கக் கூடாது. தனியாகப் பூட்டி வைத்து, 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் வகையில் (மஞ்சள் பையில் போடும் கழிவு) சேர்த்து, பதிவேட்டில் எழுதி, மருத்துவக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

பட்டியல் படிவம் தயாரிக்க உதவி தேவைப்பட்டால் சம்பளமின்றி வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: கடலூர்