பொரிக்காத ஸ்பிரிங் ரோல்

ஆசிரியருக்கு,

பொரிக்காத ஸ்பிரிங் ரோல் எங்கே கிடைக்கும் என்று தேடுவோருக்கு எங்கள் யோசனை இது. கோவை, திருப்பூர், ஈரோட்டுத் தள்ளுவண்டிகளில் காளானோடு சேர்த்து விற்கும் ஸ்பிரிங் ரோல், மைதாத் தாளில் சுருட்டி எண்ணெயில் பொரித்தது. பொரிக்காதது வியட்நாமின் 'கோய் குவோன்': அரிசித் தாளுக்குள் (அரிசி மாவில் செய்து காயவைத்த மெல்லிய தாள்) இறால், அரிசிச் சேமியா, கீரை, புதினா. பச்சைக் காயின் மொறுமொறுப்புத்தான் வேண்டுமென்றால் தெருத்தெருவாக அதைத் தேட வேண்டாம். சேலம், கரூர்ப் பக்கம் தட்டுவடை செட் கேளுங்கள். இரண்டு தட்டுவடைக்கு (தட்டை) நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. வைத்த உடனே தின்னணும், இல்லாவிட்டால் நமுத்துவிடும்.

சுருளேதான் வேண்டுமா? அரிசித் தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் 5 விநாடி முக்கினால் போதும். விறைப்பு போவதற்குள் எடுத்துப் பலகையில் போடுங்கள். காய் அடுக்குவதற்குள் தானாக இளகிவிடும். முழுக்க ஊறினால் கையிலேயே கிழியும். சேமியாவுக்குப் பதில் இடியாப்பம் மாதிரியான நம்ம அரிசிச் சந்தகை அருமையாகப் பொருந்தும், ஆனால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் ஆவி பட்டுத் தாள் கொழகொழத்துவிடும். வெள்ளரியின் விதைப் பகுதியை வழித்துவிடுங்கள், அந்தத் தண்ணீரும் தாளைக் கெடுக்கும். தொட்டுக்கொள்ளக் கெட்டியான நிலக்கடலைச் சட்னி.

கடையில் கிடைத்தால், கண்ணெதிரே சுருட்டித் தருவதை மட்டும் வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் கிடந்தது தோல் மாதிரி விறைத்திருக்கும்.

தள்ளுவண்டி உணவுக் கடைக்காரர்கள் சிலர்,
ஈரோடு