எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதா, முதலில் அழிப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு வந்திருக்கும் செல் சிகிச்சை பற்றிய கட்டுரையை வாசித்தேன். விஷயமெல்லாம் சரி, தலைப்புதான் உறுத்துகிறது. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி’ என்று போட்டுவிட்டீர்கள். அதை மட்டும் படிப்பவர் நேராகச் சத்து மாத்திரை வாங்கத்தான் போவார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சிகிச்சையில் முதலில் கட்டியை, அல்லது அதில் ஒரு பகுதியை வெட்டியெடுப்பார்கள். அதற்குள் ஏற்கெனவே புகுந்து, அதோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோன டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) கிடக்கும். அவற்றை ஆய்வகத்தில் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தை ஊட்டிச் சில வாரங்கள் வளர்ப்பார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஃபிலூசெல் சிகிச்சையில், ஒரு நோயாளிக்கு ஏற்றுவது குறைந்தது 750 கோடி செல்கள்!

அப்புறம் நடப்பதைத்தான் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. வளர்த்த செல்களை ஏற்றும் முன், கடுமையான கீமோதெரபி கொடுத்து, உடம்பில் இருக்கும் வெள்ளணுக்களைப் பெருமளவு அழிக்கிறார்கள். எதிர்ப்பை அடக்கிவைக்கும் செல்கள் ஒழிய வேண்டும், புதிதாக ஏற்றும் செல்களுக்கு இடமும் தீனியும் போட்டியில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஆக, ‘சக்தி கூட்டப்படும்’ நோயாளி சில நாட்கள் சாதாரணத் தொற்றைக்கூடத் தாங்க முடியாத நிலையில் படுத்திருப்பார். செல்களை ஏற்றிய பிறகு இன்டர்லூகின்-2 மருந்தாகவும் தரப்படும். காய்ச்சல், குளிர், ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அதோடு வரும். இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் ஓரளவு நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இது தோதுப்படும்.

சிகிச்சையைக் குறை சொல்லவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் இதன் முதல் முடிவுகளை வெளியிட்டது 1988-இல். 2022-இல் வெளிவந்த, 168 பேர் பங்கேற்ற ஆய்வில், இந்தச் செல்களைப் பெற்றவர்களில் 49 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஒப்பீட்டுக்காக இபிலிமுமாப் என்ற வேறொரு மெலனோமா மருந்து பெற்றவர்களில் அது 21 சதவீதம்தான். பெரிய வித்தியாசம். ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் கிட்டவில்லை என்பதையும் அதே பத்தியில் போட்டிருக்கலாம்.

அடுத்த முறை ‘நோயாளியின் செல்களை வெளியே வளர்த்து’ என்று தலைப்பு வையுங்கள். ஒரு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்