செயலாளரின் ஆண்டறிக்கை: லேக் ஃபோர்க்கில் ஜிக்கோடு ஓர் ஆண்டு

நம் மீன்பிடிச் சங்க உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு டல்லாஸைச் சுற்றியுள்ள மற்ற ஏரிகளைக் குறைத்துக்கொண்டு, லேக் ஃபோர்க் ஏரியிலேயே பருவத்துக்குப் பருவம் ஜிக் (கனமான தலையும் கொக்கியும் குஞ்சமும் கொண்ட செயற்கை இரை) போடுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். வேறு இரையே கூடாதா என்று சிலர் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அடித்தரையைக் கையால் தடவுவது போலக் காட்டித் தருவது ஜிக்தான் என்பது செயற்குழுவின் எண்ணம். அது இன்னும் உறுதியாகியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 1980-இல் அணை கட்டி உருவான இந்த ஏரி ஏறத்தாழ 27,000 ஏக்கர். மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டே தண்ணீரைத் தேக்கினார்கள். டெக்சாஸின் சாதனை பாஸ் (நாம் தேடிப் போகும் பெரிய வாய் நன்னீர் மீன்), 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் பாரி செயின்ட் கிளேரின் தூண்டிலில் சிக்கியது.

குளிர்காலத்தில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியிருக்கும்போது அரை அவுன்ஸ் ஜிக்கில் கறுப்பும் நீலமும் கலந்த குஞ்சம், வாலில் கிராஃபிஷ் (நன்னீர் இறால் போன்ற உயிர்) வடிவ ரப்பர் கட்டி, பழைய ஓடைத்தடத்தின் விளிம்பில் மெல்ல இழுத்தோம். இந்தக் காலத்து மீன் வெடுக்கென்று இழுப்பதில்லை. தூண்டில் நரம்பு ஓரமாகக் கொஞ்சம் நகரும். இல்லையென்றால் ஜிக்கின் கனமே காணாமல் போகும். அந்த நொடியில் தொங்கும் நரம்பைச் சுற்றிக்கொண்டு தூண்டில் கம்பை ஓங்கித் தூக்க வேண்டும். கட்டையில் மாட்டியதா, மீனா என்று யோசிப்பவருக்கு மீன் இல்லை. இளைய உறுப்பினர்கள் இதைப் பிடித்துக்கொண்ட வேகம் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டியதும் முட்டை சுமந்த பெண் மீன்கள் கரைப்பக்கம் ஏறின. எடையைக் குறைத்து, பாசி ஓரத்திலும் மரத்தடியிலும் ஜிக்கை இறக்கினால் போதுமாக இருந்தது. ஆனால் முட்டைக் குழியில் காவல் நிற்கும் ஆண் மீனைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அது நகர்ந்தால் சிறு மீன்கள் முட்டையைத் தின்று தீர்த்துவிடும்.

இனி கோடை. முக்கால் அவுன்ஸ் ஃபுட்பால் ஜிக்கை (ரக்பி பந்து வடிவத் தலை கொண்டது) ஆழத்து மேடுகளிலும் மூழ்கிய பழைய சாலைகளிலும் உருட்டியதில் நல்ல மீன்கள் கிடைத்தன. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆழத்திலிருந்து மேலே வரும் மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடுகிறது, மேல்தண்ணீரோ கொதிக்கிறது. நம் கோடைப் போட்டியில் எடை போட்டுத் திரும்ப விட்ட மீன்களில் சில மல்லாந்து மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். இந்த ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் கீழ் உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். பெரிய மீன்கள் இங்கே இவ்வளவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உயிரோடு விடச் சொல்லும் மீனைச் சாகவிட்டு, விதியை மீறவில்லை என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை?

ஆகவே செயற்குழுவின் தீர்மானம் இது: ஜூலை, ஆகஸ்ட் போட்டிகளில் எடை போடுவதை நிறுத்தி, அளவுப் பலகையில் வைத்துப் படம் எடுத்து உடனே விட வேண்டும். ஆழத்தில் மீன் பிடிபட்டால் சில மீன்களோடு நிறுத்திக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். பொதுக்குழு இதை நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

இலையுதிர் காலத்தில் பாஸ் தின்னும் ஷாட் என்ற சிறு மீன்களின் கூட்டம் ஓடைகளுக்குள் நுழைய, நீந்துவது போல இழுக்கும் ஸ்விம் ஜிக் வேலை செய்தது. அப்புறம் காற்று அதிகமானதால் இரண்டு பயணங்களைக் கைவிட்டோம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் தயவுசெய்து கட்டிவிடுங்கள். வழக்கமான மீன்பிடி உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிகிறது, மறக்க வேண்டாம். நீருக்கடியில் மரங்கள் நிற்பதால் படகுத்தடக் குறிகளை விட்டு விலகி வேகமாக ஓட்டாதீர்கள். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

படகு தந்து உதவிய அண்ணன்மார்களுக்கும், விடியற்காலையில் எல்லோருக்கும் இட்லி கட்டித் தந்த அக்காமார்களுக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்