டார்க்கான குரல் வேண்டும் என்கிறாயே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். டார்க்காக, அதாவது கனத்து இருண்ட தொனியில், ஓபரா பாட வேண்டும் என்று நீ அனுப்பிய பாட்டுப் பதிவைக் கேட்டேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குரல் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உன் குரல் இல்லை. இத்தாலிய இசையமைப்பாளர் தொனிசெட்டியின் ஓபராவில் நெமொரீனோ பாடும் ‘ஊனா ஃபுர்த்தீவா லாக்ரிமா’வில் முதல் வரியையே எடுத்துக்கொள். ‘தீ’ என்று கூர்மையாக விழ வேண்டிய இடத்தில் ‘ஈ’யும் ‘ஊ’வும் கலந்த ஏதோ ஒன்று வருகிறது. ‘லாக்ரிமா’ ஏறக்குறைய ‘லோக்ரிமா’ ஆகிவிட்டது. நாக்கின் அடிப்பகுதியைக் கீழே அமுக்கிப் பாடுகிறாய். உன் காதுக்கு அது கனமாகக் கேட்கும். நம் குரலில் ஒரு பங்கு எலும்பு வழியாகவும் நமக்கு வந்து சேர்கிறது, அந்த வழியில் கீழ் ஒலிகள் தூக்கலாக இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கோ பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது போலத்தான் கேட்கும்.

ஆடிஷனில் "ரொம்ப பிரைட்டாக இருக்கிறது" என்று, அதாவது குரல் பளீரென்று இருக்கிறது என்று சொன்னார்களாம். சொல்லட்டும். பிரைட்டா டார்க்கா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமே இல்லை இது. இத்தாலிய ஆசிரியர்கள் இருநூறு வருடங்களுக்கு மேலாக ‘கியாரோஸ்கூரோ’ (ஒளி-இருள்) என்று சொல்வது இரண்டும் ஒரே சுரத்தில் சேர்ந்து நிற்பதைத்தான். கொட்டாவி தொடங்கும்போது குரல்வளை தானாக இறங்கித் தொண்டை விரிகிறதே, அந்த இடவசதி டார்க்கைத் தருகிறது. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் சிறிய குழாய் குறுகி நிற்கும்போது மணி போன்ற அந்தக் கணீர் வருகிறது. ஸ்வீடனின் குரல் ஆராய்ச்சியாளர் யோஹான் சுண்ட்பெர்க் அளந்து காட்டியது இதைத்தான்: ஆர்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருக்கிறது, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் அது மெலிந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற குரலின் கணீர் சரியாக அந்த 3000 பக்கம்தான் விழுகிறது. மைக் இல்லாமல் ஒரு தனிக்குரல் அத்தனை வயலின்களைத் தாண்டிப் போவது அதனால்தான். நீ இப்போது அந்தக் கணீரை அமுக்கிவிட்டு இருட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாய். பியானோவோடு பாடும் வரை தெரியாது. ஆர்கெஸ்ட்ரா வந்தால் முழுகிப்போவாய்.

நீ படித்த கதைதான், ஆனாலும் நூரி என்ற பிரெஞ்சுப் பாடகரை நினைத்துப் பார். பாரிஸில் அவர்தான் முதல் டெனர், அதாவது ஆண்களின் மேல்ஸ்தாயிக் குரலில் முதன்மையானவர். ரொஸ்ஸினியின் ‘கியோம் தெல்’ ஓபராவில் ஆர்னோல்ட் பாத்திரத்தை 1829-இல் முதலில் பாடியவரே அவர்தான். 1837-இல் டுப்ரே என்ற இன்னொரு டெனர் வந்து அதே பாத்திரத்தில் மேல் ‘சி’ சுரத்தை நெஞ்சுக்குரலில், அந்தக் கனத்த தொனியில் பாடியதும் ஊரே அவர் பின்னால் போய்விட்டது. நூரி நேப்பிள்ஸுக்குப் போய் தொனிசெட்டியிடம் அந்தப் புது முறையைக் கற்றுக்கொள்ள முயன்றார். புதியது கைக்கு வருவதற்குள், ஜனங்கள் எதற்காக அவரை விரும்பினார்களோ அந்த மென்மையான மேல்ஸ்தாயி போய்விட்டது. 1839-இல் அவருக்கு நேர்ந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்படிப் பாடிய டுப்ரேயின் குரலும் நெடுநாள் தாங்கவில்லை.

வெர்டியின் ஓபராவில் வரும் ஒதெல்லோ என்றாலே இருண்ட குரல் என்று நினைக்கிறோம், இல்லையா? 1887-இல் மிலானில் அதை முதலில் பாடிய தமாஞ்ஞோவின் பழைய ரிக்கார்டுகளைத் தேடிக் கேள். எக்காளம் மாதிரி பளீரென்ற குரல். இத்தாலிய டெனர் பவரொட்டி கடைசி வரை பிரைட்டாகவே பாடினார். ஒதெல்லோவை ஐம்பது வயது தாண்டி, 1991-இல் கச்சேரி மேடையில்தான் தொட்டார்.

ஜெர்மன் டெனர் காஃப்மன் மாதிரி வேண்டும் என்கிறாய். அவர் குரலை நானும் ரசிக்கிறவள்தான். ஆனால் அவர் கதை நீ நினைப்பதற்கு நேர் எதிர். இளவயதில் லேசாகப் பாடச் சொல்லிப் பழக்கியதில் குரல் கெட்டு, பிறகு ஒரு நல்ல ஆசிரியரிடம் போய்த் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பியவர் அவர். அந்தக் கனம் அவர் தொண்டையிலேயே இருந்தது. உன் தொண்டையில் இருப்பது வேறு.

இங்கே கொயரில் பேஸ் என்னும் கீழ்க்குரல் பாடும் பையன்களிடமும் இதே வியாதிதான், அதனால் சொல்கிறேன். மோவாய்க்கு அடியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பாடு. அங்கே இறுகினால் நாக்கு அமுக்குகிறது என்று அர்த்தம். முதலில் ‘ங்’ என்று பிடித்து, அப்படியே ‘ஈ’க்குத் திற. அந்த ‘ஈ’யின் கூர்மையை விடாமல் ‘ஏ’, ‘ஆ’, ‘ஓ’, ‘ஊ’ வரை கொண்டு போ. தொண்டை மட்டும் விரிந்தே இருக்கட்டும். மேலே ஏற வேண்டாம், நடு ஸ்தாயியில் செய்தால் போதும். ‘ஊ’விலும் அந்தக் கணீர் மிஞ்சுகிறதா என்று உன் ஆசிரியரைக் கேட்கச் சொல். உன் காதை நம்பாதே. பதிவு செய்தால் போனை பியானோ மேல் வைக்காமல் ஹாலின் கடைசி நாற்காலியில் வை.

குளிர் தொடங்கியிருக்கும். ஹீட்டர் காற்றில் தொண்டை காய்ந்துபோகும், தண்ணீர் குடி.

அப்புறம், அடுத்த ஆடிஷனுக்கு புச்சினி வேண்டாம். மொசார்ட்டின் தமீனோ பாத்திரமும் இந்த நெமொரீனோவும் உன் குரலுக்கு உட்காருகின்றன. மூன்றாவதாக என்ன வைப்பது என்று உன் ஆசிரியரிடம் பேசிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா